மலிவு வேகன் தேடும் மாப்பிள்ளைக்கு

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையன் வேலைக்கென்று சியாட்டில் போன கையோடு பேஸ்மென்டில் மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் போட்டுவிட்டாயாமே! தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லையா, இல்லை சொன்னது உன் காதில் விழவில்லையா? பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் பிள்ளை ரிட்டயர் ஆகி ஒஹாயோவில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறான் என்று கேட்டால், மாமா மேலேயிருந்து சிரிப்பார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறேன், இறங்கும்போதுதான் இன்னும் கைப்பிடி வேண்டியிருக்கிறது. பெரியவளுக்கு பிட்ஸ்பர்க்கில் வேலை கிடைத்துவிட்டது. மற்ற கதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

கையில் 200 டாலர், நிஜ வண்டியின் ஓர் அடியை மூன்றரை மில்லிமீட்டராகச் சுருக்கும் ஹெச்ஓ ஸ்கேல், 1956 வாக்கில் மேற்குப் பென்சில்வேனியாவின் ஒரு நிலக்கரிக் கிளைப்பாதை, வேகன்தான் இல்லை என்கிறாய். கூடவே ஆன்லைனில் பச்சை நிறப் பென் சென்ட்ரல் ரயில் கம்பெனி பாக்ஸ்கார் (நாலு பக்கமும் மூடிய சரக்கு வண்டி) ஒரு கட்டு மலிவாக வருகிறது, வாங்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் மாப்ளே. பென் சென்ட்ரல் பிறந்ததே 1968 பிப்ரவரியில். உன் ஸ்டேஷன் மாஸ்டர் அந்த வண்டியைப் பார்க்க இன்னும் 12 வருஷம் காத்திருக்கணும். அதற்குப் பின் வந்த கான்ரெயில் கம்பெனி 1976. பழைய சாமான் பெட்டிகளில் இந்த இரண்டும்தான் ஏராளமாகக் கிடக்கும், விலையும் கம்மியாக இருக்கும், பார்த்ததும் கை நீளும். அடக்கிக்கொள்.

வருஷம் தெரிய ஒரு வழி சொல்கிறேன். வண்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘பி.எல்.டி’ என்று போட்டு மாதமும் வருஷமும் இருக்கும். அது கட்டிய தேதி. நல்ல கம்பெனி மாடல் என்றால் பூதக்கண்ணாடியில் தெளிவாகப் படிக்கலாம். 56-க்குப் பிந்தியது என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. அடுத்து கூரையைப் பார். உன் காலத்து பாக்ஸ்கார் கூரை நடுவில் ஆள் நடக்கிற பலகை நீளவாக்கில் கட்டாயம் இருந்தாகணும். 1966-க்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் அதை விட்டுவிட்டார்கள். பக்கவாட்டில் பல நிறக் கோடுகளோடு சின்னதாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது ஸ்கேனர் படிப்பதற்காக 1967-லிருந்து வந்தது. அதுவும் உனக்கு ஆகாது. உருண்டை வயிற்றோடு நீளமாக இருக்கும் தானிய ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் வண்டி), வழக்கத்தைவிட உயரமான பெரிய பாக்ஸ்கார், எதையும் தொடாதே.

இனி எந்த வண்டி எத்தனை என்கிற கணக்கு. உன் ரூட்டில் ஓடுவது கரி. அப்படியென்றால் வண்டிகளில் பாதிக்கு மேல் ஹாப்பர் இருக்கணும், அதுவும் பென்சில்வேனியா ரயில்ரோடின் சொந்த ஹாப்பர். பாக்ஸ்கார் கதை வேறு. பாக்ஸ்கார் நாடோடி. சாண்டா ஃபே வண்டி பிட்ஸ்பர்க்கில் நிற்கும், பென்சில்வேனியா வண்டி கலிபோர்னியாவில் நிற்கும். சரக்கு இறக்கியதும் அங்கேயே வேறு சரக்கு ஏற்றி அனுப்புவார்கள், வண்டிச் சொந்தக்கார கம்பெனிக்கு நாள்வாடகை போகும். அதனால் பாக்ஸ்கார் எந்த ரயில் கம்பெனி பெயரில் மலிவாகக் கிடைத்தாலும், காலம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள். நியூயார்க் சென்ட்ரல், சதர்ன் பசிபிக், மில்வாக்கி ரோட், எதுவும் பொருந்தும். மலிவு வேட்டைக்கு ஏற்ற இடம் இதுதான். ஆனால் ஹாப்பரில் அந்தச் சலுகை கிடையாது. கரி ஹாப்பர் பெரும்பாலும் சொந்த ரயில்ரோடின் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரி வண்டி வரிசையாக வேண்டும், ஆனால் நம்பர் மட்டும் வேறு வேறாக இருக்கணும். ஒரே நம்பரில் அஞ்சு வண்டி மலிவாக வாங்கிவிட்டு, நம்பரைச் சுரண்டி டீக்கல் ஒட்டுவது பொறுமைசாலிக்கான வேலை. உன்னை எனக்குத் தெரியும், நீ அந்த ஜாதி இல்லை.

ஹாப்பருக்கு அக்யுரெயில் கம்பெனியின் கிட்டைப் (நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்கள்) பார். இல்லினாயில் செய்கிறார்கள். வேறு வேறு நம்பரோடு மூன்று வண்டிகளை ஒரே பெட்டியில் போட்டும் விற்பார்கள். வண்டி ஒன்று இருபது டாலரைச் சுற்றி வரும். ஒரு சாயங்காலத்தில் பூட்டிவிடலாம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால், எங்கள் ஊர்ப்பக்கம் மோன்டூர்ஸ்வில்லில் இருக்கும் பௌசர் கம்பெனி, பென்சில்வேனியா ரயில்ரோடின் எச்21 ரக ஹாப்பரையே செய்திருக்கிறது. அதில் இரண்டு முன்னால் நின்றால் மற்ற வண்டிகளின் குறை கண்ணில் படாது. கடையில் ரெடியாகக் கிடைக்கும் நுணுக்க மாடல்கள் இப்போது ஐம்பது டாலரைத் தாண்டுகின்றன. கேடி கம்பெனியின் பிஎஸ்-1 ரக பாக்ஸ்கார் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் பட்ஜெட்டில் அப்படி நாலு வண்டி வாங்கினால், அது ரயில் இல்லை, ஷோகேஸ்.

பாக்ஸ்காருக்கு ஏத்தர்ன் கம்பெனியின் நீலப்பெட்டிகளைத் தேடு. பல தலைமுறை அமெரிக்கப் பையன்கள் கட்டிய கிட் அது. 2009 வாக்கில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அத்தனை லட்சம் பெட்டிகள் எங்கே போகும்? எல்லாம் இங்கேதான் பரண்களிலும் ட்ரெயின் ஷோ மேசைகளுக்கு அடியிலும் கிடக்கின்றன. மேசைக்கு மேலே இருப்பதைப் பார்க்காதே, அது விலை தெரிந்தவன் அடுக்கியது. குனிந்து கீழே உள்ள அட்டைப்பெட்டியைக் கிளறு. ஐந்திலிருந்து பத்து டாலருக்குள் வண்டி கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் போனால் விற்கிறவருக்கு மறுபடி வேனில் ஏற்றுவதை நினைத்தாலே முதுகு வலிக்கும். அப்போது ஐந்தாறு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தமாக ஒரு விலை கேள். தனித்தனியாகப் பேரம் பேசாதே. காலமான ஒருவருடைய சேமிப்பை மனைவியோ மகனோ விற்க வந்திருந்தால் மட்டும் ரொம்ப இழுக்காதே. அவர்கள் முகத்தைப் பார்த்தால் உனக்கே மனசு வராது.

ஆன்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனி வண்டிக்கு ஆர்டர் போடுவது, அஞ்சு ரூபாய் கத்திரிக்காய்க்கு அம்பது ரூபாய் ஆட்டோ பிடிக்கிற கதை. எடுத்தால் மொத்தமாக எடு, அடிப்பக்கத்துப் படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எடு. போன வருஷம் ஒருத்தர் எனக்கு அனுப்பிய பார்சலில் ஒரு தாள்கூடச் சுற்றாமல் எட்டு வண்டியைக் கொட்டி அனுப்பியிருந்தார். ஏணிகள் எல்லாம் பொடியாக வந்தன.

எதை வாங்கினாலும் முதலில் வண்டியைக் கவிழ்த்துப் பார். கப்ளர், அதாவது வண்டிகளைக் கோர்க்கும் கொக்கி, எங்கே மாட்டியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பழைய டைக்கோ, பாக்மன், லைஃப்-லைக் ட்ரெயின் செட் வண்டிகளில் அது போகியோடு (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) ஒட்டியிருக்கும். வளைவில் பின்னால் தள்ளினால் அந்த போகியே திரும்பித் தடம் புரளும். ஒரு டாலருக்குக் கொடுத்தாலும் அது உனக்கு விலை ஜாஸ்தி. (பழைய இரும்புக் கடை சீன் போட ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அதற்கு நான் சும்மாவே தருகிறேன்.) கப்ளர் வண்டியின் உடம்பில் தனிப் பெட்டிக்குள் இருந்தால் மேலே பேசலாம்.

மாப்ளே, வேகனின் விலை ஸ்டிக்கரில் இருக்கிற விலை இல்லை. ஏழு டாலர் நீலப்பெட்டி வண்டிக்கு உலோகச் சக்கரம் நாலு அச்சு, அச்சுக்கு ஒரு டாலர் என்று வை. கேடி 5-ஆம் நம்பர் கப்ளர் ஒரு ஜோடி நாலு டாலரைச் சுற்றி வரும், மொத்தப் பாக்கெட்டாக வாங்கினால் குறையும். ஆக ஏழு டாலர் வண்டி பதினஞ்சு ஆகிறது. இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் பார்க்காதே. உடம்பு மலிவாக இருக்கட்டும், காலும் கையும் நல்லதாக இருக்கணும். பழைய கொம்புக் கப்ளரைக் கழற்றி எறி. கேடியின் காப்புரிமை முடிந்த பிறகு ஆளாளுக்கு அதே மாதிரி பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் இழை. கொஞ்ச நாளில் அது தளர்ந்து, ஏற்றத்தில் பாதி ரயில் கழன்று தனியாகக் கீழே இறங்கும்.

நீலப்பெட்டியில் கப்ளர் பெட்டியை ஒரு தகர மூடி கவ்விப் பிடித்திருக்கும். பதினஞ்சு வண்டி இழுக்கும்போது அது சொல்லாமல் கொள்ளாமல் தெறிக்கும். புதுக் கப்ளர் போடும்போதே அந்த மூடியோடு சேர்த்து நடுவில் துளை போட்டு, மரை வெட்டி, 2-56 அளவுச் சின்னத் திருகு ஒன்று ஏற்றிவிடு. கப்ளர் கை தாராளமாக இடவலமாக ஆடணும், திருகை இறுக்கிக் கொன்றுவிடாதே. பிறகு கேடி உயர அளவுகோலைத் தண்டவாளத்தில் வைத்து ஒட்டிப் பார். கப்ளர் தாழ்ந்திருந்தால் போகிக்கு மேல் மெல்லிய வாஷர் ஒன்று. போகித் திருகுகளில் ஒன்றை, சக்கரம் திரும்பும் அளவுக்கு மட்டும் விட்டு இறுக்கு. மற்றதைக் கொஞ்சம் தளர்த்தி எல்லாப் பக்கமும் ஆடவிடு. மூணு காலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும், மேடு பள்ளத்தில் தடம் விடாது. சக்கரம், நிஜ வண்டிக் கணக்கில், 33 அங்குலம் என்று எழுதியிருப்பதை வாங்கு. 36 அங்குலம் பின்னால் வந்த 100 டன் வண்டிகளுக்கு.

எடை. 1935-லிருந்து இருக்கிற என்எம்ஆர்ஏ என்கிற மாடல் ரயில்காரர்கள் சங்கம் ஹெச்ஓவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். உன் 40 அடி பாக்ஸ்கார் ஐந்தரை அங்குலம் இருக்கும், அப்படியென்றால் மூணேமுக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 106 கிராம். தங்கச்சி அசந்த நேரம் சமையலறைத் தராசை எடுத்து நிறு. குறைகிற எடைக்குக் கடையில் ஈயம் வாங்க வேண்டாம், சில்லறை போதும். 1982-க்குப் பிறகு வந்த ஒரு சென்ட் நாணயம் சரியாக இரண்டரை கிராம். பத்து சென்ட்டில் 25 கிராம்! இந்த நாட்டில் சென்ட்டுக்கு மதிப்பு மிச்சமிருக்கும் ஒரே இடம் பாக்ஸ்கார் வயிறு. அச்சுகளுக்கு நேர் மேலே, இரண்டு முனையிலும் சமமாக ஒட்டு.

திறந்த ஹாப்பரில் நாணயத்தை மறைக்க முடியாது. அதனால் கரி ஏற்று. ஒரு ஃபோம் துண்டை உள்ளளவுக்கு வெட்டி, மேலே கொஞ்சம் கூம்பாகச் சீவி, கறுப்படித்து, உண்மையான நிலக்கரியைத் தூளாக்கி ஒட்டு. அடியில் எடை ஒளிந்துகொள்ளும். நல்ல ஆந்த்ரசைட் கரி இங்கே எங்கள் வடக்கில் கிடைப்பதே. ஒரு கட்டி வைத்திருக்கிறேன், துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டி டீ வடிகட்டியில் சலித்தால் உன் எல்லா ஹாப்பருக்கும் போதும். உன் ரூட்டில் பிட்டுமினஸ் கரிதான் ஓடியது என்று சண்டைக்கு வராதே. மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு அடி என்கிற அளவில் இரண்டும் கறுப்புத்தான்.

ஆக 200 டாலருக்கு என் கணக்கு இது: அக்யுரெயில் ஹாப்பர் மூன்று, மிச்சத்துக்குப் பழைய பெட்டியிலிருந்து ஏழெட்டு வண்டி, அதில் பாதி பாக்ஸ்கார், மற்றது ஹாப்பர், ஒன்று வேண்டுமானால் கோண்டோலா (மேலே திறந்த, தட்டையான அடி உள்ள வண்டி), சக்கரம் கப்ளர் எல்லாம் சேர்த்து. ரயில் கடைசியில் வரும் கார்டு வண்டி, அந்தக் கபூஸை வாங்காதே. பென்சில்வேனியா ரயில்ரோடின் என்5 ரகம் ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது.

மேரிலாந்தின் டிமோனியத்தில் நடக்கும் ட்ரெயின் ஷோ இங்கிருந்து ஐ-83-யில் நேர் தெற்கே, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அடுத்த ஷோ தேதி வந்ததும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்துவிடு, சனிக்கிழமை காலை ராக்வில் பாலம் காட்டுகிறேன். 1902-ல் கட்டிய கல் வளைவுப் பாலம், 48 வளைவு, இன்னமும் கன்டெய்னர் ரயில் அதன் மேல்தான் போகிறது. ஞாயிறு மதியம் ஷோவுக்குப் போய்க் குனிந்து தேடுவோம். மூட்டு காரணமாக நான் குனிய முடியாது, நீ குனி, நான் பேரம் பேசுகிறேன்.

அதற்குள் ஒன்று எழுதி அனுப்பு: உன் லேஅவுட்டில் மிகக் குறுகலான வளைவின் ஆரம் 18 அங்குலமா, 22-ஆ? 18 என்றால் 40 அடி வண்டிகளோடு நிறுத்திக்கொள்வோம், நீளமான கோண்டோலாக்களை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். தங்கச்சியிடம் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கேட்டேன் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்