கிரேஸ் அக்கா ஐயரிடம் கேட்டது

பாளையங்கோட்டை

அன்புள்ள தேவா,

உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடாததற்கு வழக்கமான காரணங்களை எழுதினால் நீ நம்பப்போவதில்லை. அதனால் விட்டுவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. யோபுவுக்குப் புத்தி சொன்ன சிநேகிதன் மாதிரியான நம்ம எலிப்பாஸ் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் ஊருக்கு ஆலோசனை சொல்வதிலிருந்து ஓய்வு பெறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிரேஸ் அக்காவின் பேரன் போய்விட்டான். ரத்தப் புற்று. முடி கொட்ட ஆரம்பித்ததும் என் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டவன், திருப்பிக் கேட்டால் "முடி வளரட்டும் தாத்தா, தர்றேன்" என்பான். பெட்டிக்குள்ளும் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

அடக்க ஆராதனை நடத்திய ஐயர், நம் சபைப் போதகர், சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷன்தான், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்து போனவர். பிரசங்கத்தில், "கர்த்தருடைய தோட்டத்துக்கு ஓர் அழகான பூ தேவைப்பட்டது, அதனால் பறித்துக்கொண்டார்" என்றார். நீயும் நானும் எத்தனை அடக்கத்தில் கேட்டிருப்போம்! கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்த பிறகு அக்கா நேராக அவரிடம் போனார். சத்தம் கூட்டவில்லை. "ஐயரே, அவர் தோட்டத்துல பூவே இல்லையா? எங்க வீட்டுல ஒண்ணுதானே இருந்துச்சு?" என்றார். ஐயர் தடுமாறி, "ஜெபிப்போம்மா" என்றார். "நீங்க ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்தக் கேள்வியை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று ராத்திரியெல்லாம் மண்டைக்குள் ஓடியது. விடியும்போதுதான் பிடிபட்டது. 2 சாமுவேல் 12. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொல்லும் கதை. ஐசுவரியவானிடம் ஆடுமாடு வெகு திரளாய் இருக்கிறது. தரித்திரனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் மடியில் படுத்துத் தூங்குகிற குட்டி. விருந்தாளி வந்ததும் ஐசுவரியவான் தன் மந்தையில் கை வைக்காமல் அந்த ஒன்றைப் பிடித்து அடித்துவிடுகிறான். தாவீது கொதிக்கிறான், "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். நம்ம ஐயர் ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன ஒரு வாக்கியம், ஆண்டவரைக் கொண்டுபோய் அந்த ஐசுவரியவானின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அக்கா பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வருஷக்கணக்காக வேதபாடம் எடுத்தவர். தெரிந்துதான் கேட்டாரோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் பையனின் அப்பா வின்ஸ்டன் வந்தான். வாசல்படியிலேயே உட்கார்ந்து, "மாமா, நான் என்ன செஞ்சேன்?" என்றான். மருத்துவமனையில் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று யாரோ ஒரு ஜெபக்குழுக்காரர், "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் என் கையில் கிடைத்திருந்தால் நானே அறிக்கை செய்யவேண்டிய பாவம் ஒன்று நடந்திருக்கும்.

வின்ஸ்டனுக்கு யோவான் 9ஐ எடுத்துக் காட்டினேன். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள், இயேசு இரண்டும் இல்லை என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததையும் காட்டினேன். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? அப்படியல்ல என்கிறார். (அடுத்த வரியிலேயே மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே என்று சொல்வதை நான் வாசிக்கவில்லை. நீயும் வாசித்திருக்க மாட்டாய்.) அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ தாவீதோட பிள்ளை?" என்றான். அதே 12ஆம் அதிகாரம், தேவா! பாவம் தகப்பனுடையது, செத்தது பெயர்கூட இல்லாத சிசு. நாம் எல்லோரும் அந்த அதிகாரத்தை, தாவீதுக்கு மன்னிப்புக் கிடைக்கும் 13ஆம் வசனத்தில் நிறுத்திவிட்டு ஞானப்பாட்டுக்குப் போய்விடுகிறவர்கள்.

2004 சுனாமி ஞாபகம் இருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயம் நின்றது, கடற்கரைக்குப் போன யாத்திரிகர்களும் கடைக்காரர்களும் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாம் அரிசி மூட்டையோடு போயிருந்தபோது, கோவில் தப்பியது அற்புதம் என்று ஒருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் பள்ளிக்கூட அடையாள அட்டையைக் கையில் வைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்த மனிதர் எழுந்து வெளியே போனார். நீ அவர் பின்னாலேயே போனாய். என்ன பேசினாய் என்று இன்றுவரை சொன்னதில்லை.

திரும்பி வரும் வழியில் நீதான் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துப் பூகம்பக் கதையை எடுத்தாய். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், கோவில்கள் நிறைந்திருந்த காலை நேரம். நிலம் ஆடி, தீப்பிடித்து, கடலும் ஏறி வந்தது. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் கட்டிய வாதத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை வைத்துத்தான் கிழித்தார் என்றாய். மலகிரிடா என்ற இயேசு சபைக் குரு, இது பாவத்துக்குத் தண்டனையே, இயற்கைக் காரணம் சொல்லாதீர்கள் என்று எழுதினாராம். தத்துவஞானி ரூசோவோ, ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்றாராம். எனக்கு ரூசோ சொன்னது பிடித்திருந்தது. சுனாமிக்கு முன்னெச்சரிக்கை இல்லாதது மனிதன் விட்ட குறைதான். ஆனால் ஒரு பையனின் எலும்பு மஜ்ஜையில் யார் மாடி கட்டினார்கள்?

சரி, உன் மோல்ட்மனுக்கு வருகிறேன். நீ முறைப்பது தெரிகிறது. பெரிய இறையியலாளர்களில் எனக்கு அவர்மேல்தான் மரியாதை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் மேல் குண்டு விழுந்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போக, 17 வயதில் தான் மட்டும் பிழைத்தவர். பக்தியில்லாத குடும்பம். போர்க்கைதியாய் ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது கையில் கிடைத்த வேதத்தில், "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கதறுவதை வாசித்து, இவருக்கு என்னைத் தெரியும் என்று பிடித்துக்கொண்டவர். 1972இல் எழுதிய புத்தகத்தில் சிலுவையைத் தேவனுக்குள்ளேயே நடக்கும் துக்கமாகக் காட்டினார். குமாரன் கைவிடப்படுகிறார், பிதா மகனை இழக்கிறார். அந்தத் துணிச்சலில்தான் நான் அக்காவிடம், "ஆண்டவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான் அக்கா" என்றேன். அக்கா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "அவருக்கு மூணாம் நாளே திரும்பக் கிடைச்சிட்டாரேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி நாள்ல பார்ப்பேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதுவரைக்கும் சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்ய, சொல்லு" என்றார். நாலு மணி பள்ளிக்கூட வேன் வரும் நேரம்.

அன்றிலிருந்து, பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் பார்! ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசும்போதும் ஒரு காரணமும் சொல்வதில்லை. வரையாட்டையும் தீக்குருவியையும் (நெருப்புக்கோழிதான்) லிவியாதான் என்ற பெரிய நீர் மிருகத்தையும் பற்றிக் கேள்வி கேட்கிறார். யோபு எவ்வளவு கத்தியும் அவன்மேல் கோபம் இல்லை. கர்த்தருக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல்தான் கோபம், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். எனக்கு இந்த 42:7 போதும் போலிருக்கிறது. ஆனால் முடிவு போதவில்லை. ஆடு 7,000 போய் 14,000 வருகிறது. பிள்ளைகள் பத்துப் போய்ப் பத்து. முதல் பத்தும் பரலோகத்தில் இருப்பதால் கணக்கு இரட்டிப்புதான் என்று விளக்கம் சொல்கிறார்களே, அதை எழுதியவர் ஆடிட்டராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பத்தையும் பெற்றவளுக்குப் புத்தகம் முழுவதிலும் ஒரே ஒரு வசனம்தான் பேசக் கிடைக்கிறது. அதற்கும் நாம் அவளைப் பைத்தியக்காரி வரிசையில் வைத்துவிட்டோம்.

உன்னிடம் கேட்க வந்தது இதுதான். 88ஆம் சங்கீதத்தை வைத்து நீ ஒரு தடவையாவது பிரசங்கம் பண்ணியிருக்கிறாயா? மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். 13 திரும்புகிறது, 22 திரும்புகிறது. இது திரும்பவே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. ஆனாலும் அதைப் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள், ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரர் பாடியிருக்கிறார்கள். நம் சபையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டலாமா, இல்லை அதுவும் நான் வாய் திறப்பதில் சேருமா?

மே மாதம் ரிட்ரீட்டுக்கு வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். அக்காவிடம் சொன்னேன். "பிரசங்கம் பண்ணாம சாப்பிட்டுட்டுப் போறதா இருந்தா வரச்சொல்லு" என்றார். மீன்குழம்பு நிச்சயம். அப்புறம், மோல்ட்மன் புத்தகத்தையும் எடுத்து வா. உன் அலமாரியில் இருப்பது என் பிரதி, முதல் பக்கத்தைத் திறந்து பார்.

உன்,
செல்லத்துரை