90 ரூபாய் வாடகைக்கு வந்த தலைமையகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பழைய தாலுகா கச்சேரியை மாவட்டக் காவல் அலுவலகமாக மாற்றப்போவது பற்றிய உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை செய்திக்காக. இரண்டாம் முறை, சரியாகத்தான் படித்தேனா என்ற சந்தேகத்தில். "நூறு வருஷக் கட்டடத்துக்குள் நவீன காவல்துறையைத் திணிக்க முடியாது, சென்னைக் கடற்கரைத் தலைமையகம் போலக் காவல்துறைக்கென்றே கட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் அந்த வெள்ளைக் கட்டடத்தின் படம் வேறு.

ஐயா, அது காவல்துறைக்கென்று கட்டியது இல்லை. 1839-இல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டிக்கொண்ட மண்டபம். 1859-இல் காவல் சட்டம் வந்து ஆறு வருஷம் கழித்து, 1865-இல், போலீஸ் அதை மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் பிடித்தது. 1874-இல் 20,000 ரூபாய் கொடுத்து விலைக்கே வாங்கினார்கள். ஆக, பழைய கட்டடம் உதவாது என்பதற்கு நீங்கள் காட்டிய சாட்சியே பழைய கட்டடம்தான். உங்களுக்குத் தெரியாததில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

அதையும் இடிக்கத்தான் பார்த்தார்கள். 1993-இல் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பத் திட்டம் போட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. அப்புறம் துறையே அதைப் புதுப்பித்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்துப் பக்கத்து ராணி மேரிக் கல்லூரிமேல் அரசின் கண் விழுந்தது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். அந்தக் கடற்கரைக் காற்றில் ஏதோ இருக்கிறது, பழைய சுவரைப் பார்த்தாலே கடப்பாரை எடுக்கத் தோன்றுகிறது.

சரி, புதிதாகக் கட்டினால் மட்டும் மாற்றாமல் விடுவார்களா? ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றம், தலைமைச் செயலகம் என்று 2010-இல் திறந்த கட்டடம் 2014-இல் ஆஸ்பத்திரியாகிவிட்டது. சட்டமன்றத்துக்கென்று கட்டிய இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் வைக்க முடியும். தாலுகா கச்சேரியில் நாலு கம்ப்யூட்டர் வைக்க முடியாது. அப்படித்தானே?

நான் காவல்துறையில் அமைச்சுப் பணியாளனாக, அதாவது அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவனாக, 33 வருஷம் குப்பை கொட்டியவன். காக்கி போடாத போலீஸ் என்று எங்களைக் கேலி செய்வார்கள். கட்டடத்துக்குள் காலை முதல் விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். கட்டடம் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் (எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை) மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டது. தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் செங்குத்தாக நிறுத்திக் குறுக்காக அடுக்கிய சின்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு. சித்திரை மதியத்தில் கரண்ட் போனாலும் உட்கார முடியும். ஒழுகியது உண்டு, பொய் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கொத்தனார் மேலே ஏறித் தட்டோட்டு இடுக்குகளைப் பூசிவிட்டு வந்தால் நின்றுவிடும்.

பிறகு ஒரு நாள் நவீனமயம் வந்தது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் முதல் மழைக்கே பெயின்ட் அப்பளம் அப்பளமாக உரிந்தது. கூரையைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்தார்கள். கூரை தெரியாததால் ஒழுகுவதும் தெரியவில்லை. கொத்தனாரையும் நிறுத்திவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு ராத்திரி சீலிங் தண்ணீரோடு இறங்கி, பணிப்பதிவேடுகள் இருந்த அலமாரிமேல் விழுந்தது. மூன்று மாதத்தில் ஓய்வு பெறவிருந்த ஒரு ஏட்டின் எஸ்.ஆர். (பணிப்பதிவேட்டை அப்படித்தான் சொல்வோம்) பக்கம் பிரிக்க முடியாமல் ஒட்டிப்போயிற்று. பழைய சம்பளப் பட்டியல்களைத் தோண்டி அவருடைய சர்வீஸை மறுபடி எழுதினேன். பென்ஷன் ஐந்து மாதம் தாமதம். எங்கே பார்த்தாலும் இன்றும் கேட்பார்: "என்ன சார், என் எஸ்.ஆர். காய்ந்துவிட்டதா?"

அதே வேலையில் அதிகாரி அறைக்குக் கிரானைட் வந்தது. பெண் ஊழியர்களுக்கு இருந்த ஒரே கழிப்பறை ஜெனரேட்டர் அறையானது. 1973-லேயே பெண்களைக் காவல் பணிக்கு எடுத்தோம், 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தோம் என்று மார்தட்டுகிற துறை இது. யாரோ புகார் எழுதினார்கள். "உரிய மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது" என்று பதில் போனது. அந்த வரைவை எழுதியவன் நான்தான். மாற்று ஏற்பாடு என்பது எதிர்த்த வீடு.

மனு கொடுக்க வருகிறவர்கள் புங்கமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். முன்பு அவர்கள் உட்கார்ந்த நீளத் தாழ்வாரத்தைக் கண்ணாடி வைத்து மறைத்து ஏ.சி. அறைகளாக்கிவிட்டோம். எங்கள் தாலுகா கச்சேரியிலும் அப்படியொரு தாழ்வாரம் இருக்கிறது. அதில் பெஞ்சு போட்டு, ஒரு சாய்தளம் கட்டி, வயரைச் சுவரைத் தோண்டாமல் வெளியே குழாயில் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. ஒன்றரை அடிச் சுவருள்ள கஜானா அறை சர்வர் வைப்பதற்கென்றே கட்டினது போல இருக்கிறது.

சுண்ணாம்பு வேலைக்கு இன்று ஆள் ஏது என்பீர்கள். 2012 ஜனவரியில் எரிந்துபோன, நவாப் காலத்துச் சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறைதானே மீட்டது? இன்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கே உட்கார்ந்து விசாரிக்கிறது. எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தையும் 2021-இல் அருங்காட்சியகமாக்கினார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ் வேப்பேரிக்குக் குடிபோன பிறகுதான் அந்தக் கட்டடத்துக்கு யோகம் அடித்தது என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நான் கேட்பது இரண்டுதான். கடற்கரைத் தலைமையகப் படத்துக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்னால் தாலுகா கச்சேரியின் வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் ஒட்டச் சொல்லி எழுதுங்கள். பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரை பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். இதையும் வெட்டுவீர்கள், இடம் இருக்காது. வெட்டுவதானால் எஸ்.ஆர். கதையை வெட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறையில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்
(பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறவன்)