காலுறையைத் திருப்பிப் பார்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. சுகரால் வந்த கால் மதமதப்பு முழங்காலைத் தொட்டுவிட்டது. அவ்வளவு தூரம் ஏறும்போது கைவிரல் நுனிகளும் சேர்ந்துகொள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்; சொன்னபடியே சேர்ந்துகொண்டன. பேனாவை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது எனக்கே தெரிவதில்லை, தாளின் பின்பக்கத்தைத் தடவினால் உனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள். அவள் நலம். அக்கா வந்துவிட்டுப் போனாள். அவளைப் பற்றிய நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ சென்ற முறை வந்திருந்தபோது வாசலில் ஒன்றைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதுவதில்லை என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகையால் என் காலைப் பற்றியே எழுதுகிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். பகலில் தெரியாது. விளக்கை அணைத்துப் படுத்ததும் இரண்டு பாதங்களும் தணலில் வைத்ததுபோல் திகுதிகுவென்று எரியும். போர்வையின் நுனி விரலில் பட்டால்கூடப் பொறுக்க முடியாமல், கால்களை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுப்பேன். நீயும் அக்காவும் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். பிறகு ஒரு கட்டத்தில் எரிச்சல் தானாகவே அடங்கியது. சுகர் கட்டுக்குள் வந்துவிட்டதாக எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எரிவதற்கு அங்கே நரம்பு மிச்சமில்லாமல் போயிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. இந்த நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் வரைக்கும் எரிச்சலோ வலியோ எதுவுமே இல்லாமல் இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே, நான் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை அப்பா" என்று நீ சொல்கிறாயே, அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

பாதப் பரிசோதனை என்றதும் பயப்படாதே, பத்து நிமிட வேலை. பத்து கிராம் விசையில் வளைந்துகொடுக்கும் நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார்கள். நான் வகுப்பில் மேசைமேல் தட்டிக் காட்டுவேனே இசைக்கவை, அதிலும் 128 ஹெர்ட்ஸ் கவை ஒன்றை அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பின்மேல் வைப்பார்கள். எத்தனை ஆண்டுகள் அதைக் கையில் பிடித்திருப்பேன்! அன்று அதன் ரீங்காரம் என் காதுக்கு நன்றாகக் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை. ஆனாலும் "அதிர்கிறது" என்றேன். நைலான் இழைக்கும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு, அவர் கை அசையும் ஓசையைக் கவனித்து, "இப்போது தொட்டீர்கள், இப்போது தொட்டீர்கள்" என்று உத்தேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இன்னும் தொடவேயில்லை ஐயா" என்றார் அவர். தேர்வு அறையில் காப்பியடித்த பிள்ளைகளை முப்பது வருடம் பிடித்தவன் நான்.

உன்னிடம் அந்தக் குணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பிறர் செய்த தவற்றையும் உன் தலைமேல் போட்டுக்கொண்டு சரிசெய்பவன் என்று உன் நண்பன் சொன்னபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்த்ததும், மூன்று வேளை சொட்டு மருந்துக்கு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியதும் நீதான். அப்படிப்பட்டவனிடம் "கால் டாக்டரைப் பார்த்தாயா" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேலையைக் காரணம் சொன்னாய். ஊருக்கெல்லாம் அட்டவணை போடுபவனுக்குத் தனக்கென்று பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்றால் நான் நம்ப வேண்டுமா?

உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. சர்க்கரை மிகுந்த ரத்தம் நரம்பையும் கெடுக்கிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களையும் கெடுக்கிறது. அதனால் தொலைவில் இருக்கிற கால்விரல் நுனியில் முதலில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. 1993ஆம் ஆண்டு முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் கவனித்தார்கள். சர்க்கரையைக் கண்டிப்போடு கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்புப் பாதிப்பு சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தது. நம் குடும்பத்துக்கு வாய்த்த இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் கெட்டுப்போன நரம்பைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. எனக்குக் கொடுக்கும் பிரீகாபலின் எரிச்சலை அடக்குமே தவிர நரம்பைச் சீராக்காது. அதற்காக, உன் வழக்கப்படி ஒரே மாதத்தில் சுகரைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று பட்டினி கிடக்கவும் வேண்டாம். அளவு மீறிய வேகத்தில் குறைத்தாலும் நரம்புவலி கிளம்பும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைந்து, அதனாலும் கால் மரத்துப்போகலாம். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல். படுக்கையிலிருந்து எழுந்ததும் கிறுகிறுப்பு வருகிறதா, சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்றும் கேட்பார்கள், மறைக்காதே. நீ மணமானவன். வெளியில் சொல்லக் கூசும் சில தொல்லைகளும் இதே நரம்புகளால் வருகிறவைதான். அதை வீட்டில் கோபமாகக் காட்டாமல் டாக்டரிடம் சொல்லிவிடு. இதற்குமேல் ஒரு தகப்பன் எழுத முடியாது.

ஷூ போடும்முன் தலைகீழாகத் தட்டு. உள்ளே கையை விட்டுத் துழாவு. வெந்நீரைக் காலால் தொட்டுப் பார்க்காதே, முழங்கையால் பார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே. இதையெல்லாம் நான் ஏன் இப்படித் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. என் இடது காலின் இரண்டாவது விரல் போனதற்குக் கல் தடுக்கியதுதான் காரணம் என்று உங்கள் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு சட்டைப் பொத்தான். காலையில் என் நீலச் சட்டையின் பொத்தானைக் காணோம் என்று அம்மா அறை முழுவதும் தேடிக்கொண்டிருந்தாள். அது என் ஷூவுக்குள் இருந்தது. அதன்மேல் நின்றுகொண்டே ஐந்து பாடவேளை நடத்தினேன். மாலையில் காலுறையைக் கழற்றியபோது அது உள்ளங்காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலுக்கு அடியில் வட்டமாகப் பள்ளம், பொத்தானின் நான்கு துளைகளும் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன. வலிக்கவேயில்லை. வலிக்காததால் பதினோரு நாள் யாரிடமும் காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் அம்மாவே அறைக்குள் வந்து நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று கேட்டாள்.

இனி எழுதாமல் இருக்க முடியாது. அன்று நீ புறப்படும்போது உன் வலது கால் செருப்பு வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. நீ கார் வரைக்கும் நடந்தாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பது அடி. தரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. "அப்பா, செருப்பு!" என்று குழந்தை கத்திய பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. பெரியப்பாவும் அப்படித்தான் சிரிப்பார்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. உனக்கு 29 வயதில், வேலை மாறும்முன் நாமாகப் போய் எடுத்த ரத்தப் பரிசோதனை உனக்கு நினைவிருக்கும். தாளை நீ என்னிடம்தான் முதலில் நீட்டினாய். வெறும் வயிற்றில் 148, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5 என்ற அளவுக்கு வந்துவிட்டாலே நீரிழிவு என்பது மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் அந்தத் தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பார்டர்தான், யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமும் வேண்டாம்" என்றேன். உன் வேலைக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மை அல்ல. என் பெயரையும் என் மூக்கையும் உனக்குக் கொடுத்தபோது ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவன், இதையும் நான்தான் கொடுத்தேன் என்று என் வீட்டிலேயே சொல்ல வெட்கப்பட்டேன். உனக்கு இப்போது 41. பன்னிரண்டு வருடமாக நீ "பார்டர்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது நான் உன் வாயில் வைத்த சொல்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் நைந்துபோயிருக்கிறது, மெதுவாகப் பிரி. டாக்டரிடம் போகும்போது இதையும் கொண்டுபோ. எத்தனை வருடமாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். நாள் குறித்துவிட்டு எனக்குச் சொன்னால் நானும் வருகிறேன். இருவரும் சேர்ந்தே காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். இந்த முறை நான் உத்தேசமாகப் பதில் சொல்ல மாட்டேன்.

இன்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் உன்னைக் கூப்பிட்டு அழுதிருப்பாள். என்னைத் திட்டினால் தடுக்காதே.

தாள் தீர்ந்துவிட்டது. அக்காவின் செய்தியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இன்று மாலை வீட்டுக்கு வந்ததும், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, காலுறையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடிக்கக் குழந்தையைக் கூப்பிடு. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அன்புடன்,
அப்பா