செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: தாய்மரங்களும் நாற்றங்காலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்களும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. எனவே, இவ்வாண்டு நம்மை அதிகம் யோசிக்க வைத்த, நம் சங்கத்தின் காட்டு மர நாற்றங்காலைப் பற்றியே இவ்வறிக்கையில் சொல்ல விரும்புகிறேன்.

வெள்ளை அகில் என்னும் மழைக்காட்டு மரத்தின் நாற்றுகள் செழிப்பாக வந்திருப்பதாகச் சென்ற அறிக்கையில் பெருமையோடு எழுதியிருந்தேன். அந்தப் பெருமையில் ஒரு பங்கை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விதைப் பதிவேட்டைப் புரட்டியபோது, நாம் முளைக்க வைத்தவற்றுள் பெரும்பகுதி சாலை வளைவில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று மரங்களின் அடியில் பொறுக்கியவை என்பது தெரியவந்தது. ஜீப்பை நிறுத்த இடமும் அட்டைப்பூச்சி குறைந்த தரையும் அங்குதான் உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இது எவ்வளவு பெரிய குறை என்பதைக் குடகில் இதே மரத்தைப் பற்றி நடந்த ஆய்வு உணர்த்துகிறது. தோட்டங்களுக்கு இடையே துண்டுதுண்டாகக் கிடக்கும் காடுகளில், 216 சதுர கிலோமீட்டர் பரப்பில், மரபணு அடையாளங்களைக் கொண்டு எந்த விதைக்கு எந்த மரம் மகரந்தம் தந்தது என்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டறிந்து 2012இல் வெளியிட்டனர். நம் வால்பாறை மேட்டுநிலமும் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், அந்த ஆய்வை நம் ஊர்க் கதையாகவே படித்தேன். ஒற்றையாக நிற்கும் மரம் கதியற்றது என்றே நாம் நினைத்திருந்தோம். ஆனால் அத்தகைய மரங்களுக்கு 5 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பல மரங்களின் மகரந்தம் அடிக்கடி வந்து சேர்ந்திருந்தது. மாறாக, பெரிய மரங்கள் அருகிப்போன துண்டுக் காடுகளில்தான், சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுத்துப் பெண்கொடுக்கும் குடும்பத்தைப் போல, பக்கத்து மரத்தோடும் உறவு மரத்தோடும் கலப்பது கூடியிருந்தது. அதன் விளைவை 2014இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது: நாற்றங்காலில் வளர்த்த 297 நாற்றுகளைச் சோதித்தபோது, மரங்கள் அடர்த்தி குறைந்த துண்டுகளில் நடந்த உறவுக் கலப்பு நாற்றுகளின் வளர்ச்சியைப் பாதித்திருந்தது.

இந்த இழப்பு கண்ணுக்குச் சட்டென்று படாது. காடு ஒன்றாயிருந்த காலத்தில் முளைத்த பெரிய மரங்கள் அன்றைய மரபணு வளத்தோடு இன்றும் நிற்பதால், துண்டாடப்பட்டதன் விலையை அவற்றின் அடியில் முளைக்கும் கன்றுகளே கொடுக்கின்றன. அத்தகைய கன்றுகளையே நாமும் மூன்று மரங்களின் விதையிலிருந்து வளர்த்து, காடு வளர்ப்பதாகச் சொல்லி, ஒரு சரிவு முழுவதும் உடன்பிறப்புகளாக நட்டுவந்தோம்.

ஆகவே இவ்வாண்டு, விதை எடுப்பதற்கென்று தேர்ந்தெடுத்த மரங்களுக்குத் தாய்மரப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினோம். ஒன்றுக்கொன்று 100 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் நிற்கும் மரங்களை மட்டும் அதில் சேர்க்கிறோம். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரே அளவு விதை எடுத்து, தனித்தனித் தட்டில் முளைக்க வைத்து, நடும்போதுதான் கலக்கிறோம். முதல் மழையிலேயே இரண்டு தட்டுகளின் பெயர்ச்சீட்டில் மை கரைந்து, எது எந்த மரத்துப் பிள்ளை என்று தெரியாமல் போயிற்று. அதன்பின் பால் டப்பாத் தகரத்தைத் துண்டாக வெட்டி, ஆணியால் எண்ணைக் கீறித் தொங்கவிட்டிருக்கிறோம். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தொலைவான பகுதியின் விதையை வாங்குவதில்லை என்றும் செயற்குழு முடிவெடுத்துள்ளது. இந்த மழைக்கும் மண்ணுக்கும் பழகிய மரபு இங்குள்ள மரங்களில்தான் இருக்கிறது.

தேயிலைக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய காட்டு மரங்களை வெட்டாமல் விடும்படி தோட்ட நிர்வாகங்களுக்குக் கடிதம் எழுதினோம். பூச்சிகள் சுமக்கும் மகரந்தத்துக்கும் இருவாச்சிப் பறவை விழுங்கிச் செல்லும் விதைக்கும் அவை இடைவழித் தங்கல்கள் என்பதை அதில் விளக்கியிருந்தோம். ஒரு நிர்வாகம் ஒப்புக்கொண்டு மரங்களுக்கு எண் இடவும் அனுமதித்தது. மற்றவர்களிடம் நேரில் செல்ல வேண்டும்.

பதிவேட்டில் இன்றுவரை 14 வெள்ளை அகில் மரங்களே உள்ளன. குறைந்தது 30 மரங்களாவது இருந்தால்தான் விதைச் சேகரிப்பு முறையானது எனலாம். இந்த விதை ஈரம் காய்ந்தால் முளைக்காது. பழம் விழும் வாரத்திலேயே பொறுக்கி விதைத்தாக வேண்டும். மழைக்கு முன் மீதி மரங்களைத் தேடி நடக்க முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டைக் காலுறை சங்கச் செலவில் வழங்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்