ஆச்சி கொடுத்த சங்கு

பெருமாள்புரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், எனக்காக வேண்டிக்கொண்ட எல்லாருக்கும்,

உடம்பு எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்து இன்றோடு 18 நாள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். நேற்று ராத்திரி ஒரு தடவைகூட முழிக்காமல் தூங்கினேன். அந்தச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

முதலில் எதிர்வீட்டு ஆச்சிக்கு. என் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சம் வாழைக்காய் மாதிரி ஒரு குழாய். முதல் இரண்டு வாரம் தண்ணி ஆகாரம்தான், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். டம்ளரை எடுத்தால் பழைய பழக்கத்தில் மடக்கென்று இறங்கிவிடும். உடனே நெஞ்சைக் கவ்விப் பிடிக்கும், குமட்டும். வீட்டுக்கு வந்த மறுநாள் அப்படி அழுதுகொண்டிருந்தபோது ஆச்சி வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய், பேரனுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார்கள். மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். மூன்று சங்கு, 30 மில்லி. "மூணு சங்குதான் ட்டி. மெல்லக் குடி, நான் இங்கனதான் இருக்கேன்." அப்புறம் தினமும் வடிகட்டின பாசிப்பருப்புத் தண்ணி, உறைப்பில்லாத தெளிவு ரசம்.

"வாயைக் கட்டினால் போதாதா, கத்தி எதுக்கு?" என்று எத்தனை பேர் கேட்டார்கள்! கட்டாமலா இருந்தேன்? எடை குறைந்த ஒவ்வொரு தடவையும் பசி வெறிகொண்டு திரும்பி வந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான், அதுவும் மேல்பகுதியில் சுரக்கிறது என்று டாக்டர் விளக்கியபோதுதான், இது என் சோம்பேறித்தனம் இல்லை என்று எனக்கே உறைத்தது. ஆச்சிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்டருக்கும், ஆபரேஷன் அன்றைக்கே கைபிடித்து நடக்கவைத்த நர்ஸ் தங்கைகளுக்கும், அத்தானோடு மாறி மாறி ஆஸ்பத்திரியில் கிடந்த மைனிக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்த டீச்சர்மாருக்கும், நெல்லையப்பர் கோயிலில் விளக்குப் போட்ட சித்திக்கும் கோடி நன்றி.

வைட்டமின் பி12, இரும்புச்சத்து எல்லாம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். ஒருநாளும் தவறமாட்டேன். இந்த ஆபரேஷன் முடிந்து யார் வீடு திரும்பினாலும் நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

நேற்று சங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறுமையாகக் கொடுக்கக் கூடாதே என்று இரண்டு கற்கண்டு போட்டிருந்தேன். ஆச்சி கற்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கை என் கையிலேயே வைத்து மூடினார்கள்.