கரைக்கு வந்ததும் இதை வாசி

அன்புள்ள மகளுக்கு,

வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் விட்டுவிடுவாய் என்று அப்பா சொன்னார். அதனால்தான் மின்னஞ்சல். திமிங்கலம் எண்ணப் போன உன் படகு எந்தக் குடாவில் நங்கூரம் போட்டாலும் சரி, சிக்னல் கிடைத்ததும் இதை வாசி. வாசித்துவிட்டு "சரி அம்மா" என்றாவது போடு. ஸ்கொட்லாந்தில், ஓபனில் கப்பல் ஏறும்போது ஒரு படம் அனுப்பினாய். முல் தீவில் டொபர்மோரித் துறையோரம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் நிற்கிற வீடுகளைக் காட்டி இன்னொன்று அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடலுக்குள் போனால் போன் எடுபடாது என்று முன்கூட்டியே சொன்னாய்தான். தெரிந்தும் ராத்திரியில் எழும்பிப் போனைப் பார்க்கிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. மற்றவர்கள் கழற்றினாலும் நீ கழற்றாதே. இங்கே தென்மேற்குக் காற்று பலமாய் வீசுகிறது. வெள்ளவத்தையில் கல்லில் மோதுகிற அலை ரயில் பாதை வரைக்கும் தெறிக்கிறது. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "அந்தக் கடல் வேறு, சுற்றிவரத் தீவுகள், காற்று மாறினால் ஒதுங்க இடமிருக்கு" என்கிறார் அப்பா. காலமெல்லாம் துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், அவருக்குத் தெரியும். ஆனால் அவரும் காலையில் பேப்பரைத் தொட முதல் போனில் முல் தீவின் காற்றைத்தான் பார்க்கிறார். என்னிடம் சொல்வதில்லை.

ஆடிவேலுக்குப் பெரியம்மா வந்து நின்றா. "காசு கட்டிப் போய் வேலை செய்கிறதா? அதுவும் திமிங்கலம் எண்ணுகிற வேலையா?" என்று கேட்டா. நீ எனக்கு விளக்கியதை அப்படியே சொன்னேன். பாய்மரத்தடியில் இரண்டு பேர் நிற்பார்கள், ஒருவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும், மற்றவர் வலப்பக்கம். ஒரு செட்டை தெரிந்தால் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கூப்பிட்டுச் சொல்ல, உள்ளே ஒருவர் கம்ப்யூட்டரில் பதிவார். ஒன்றும் தெரியாவிட்டாலும் காற்றையும் அலையையும் கால் மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். "ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்கா அவ்வளவு தூரம் போனாள்?" என்றா. இல்லாத இடம் எதுவென்று தெரிந்தால்தானே இருக்கிற இடத்தைப் பற்றி உறுதியாய்ப் பேசலாம் என்று நான் சொன்னேன். படகுக்கு நூறு மீட்டர் பின்னால் ஹைட்ரோபோன் என்கிற, தண்ணீருக்குள் சத்தம் கேட்கிற கருவியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போவதையும் சொன்னேன். டொல்பின் மாதிரிச் சின்னதாய் இருக்கிற போர்பொயிஸ் போடுகிற சத்தம் மனிதக் காதுக்கு எட்டாதாம், அந்தக் கருவிதான் பிடித்துத் தரும் என்றேன். பெரியம்மா பிறகு ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பெருமையாய் இருந்தது, பிள்ளை. உன்னிடம் நேரில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆனாலும் எங்களுக்குச் சொல்லாமல் டிக்கெட் போட்டது சரியில்லை. லண்டன் ஹரோவில் இருக்கிற சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா அன்று தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

சித்திரையில் நடந்ததுக்குப் பிறகு நீ கடலுக்கு ஓடினாய் என்று சனம் கதைக்கும். கதைக்கட்டும். எனக்குத் தெரியும், இது இப்போது வந்ததில்லை. 2020 நவம்பர், பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேல் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது உனக்கு எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மேல் மாகாணத்துக்கே ஊரடங்கு, வாசலைத் தாண்ட முடியாது. நீ கட்டிலில் குந்தியிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீடியோவையே பார்த்தாய். கடற்படையினரும் ஊராட்களும் தண்ணீருக்குள் நின்று அந்தக் கறுத்த உடம்புகளைத் தள்ள, அலை திருப்பித் திருப்பிக் கரைக்கே கொண்டுவந்தது. விடிய விடியத் தள்ளினார்கள். பெரும்பாலானவை திரும்பிப் போய்விட்டன என்று காலையில் செய்தி வந்த பிறகுதான் நீ முகம் கழுவினாய். அடுத்த வருடம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, நீர்கொழும்புக் கரையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தபோதும் அப்படித்தான். செத்த ஆமைகளின் படத்தைப் பார்த்துவிட்டு சாப்பாட்டைத் தள்ளிவைத்தாய். இதெல்லாம் சித்திரைக்கு எவ்வளவோ முந்தி.

நான் யோசிப்பது வேறொன்று. போக முன்பு கோல் எடுத்தபோது ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவின் கதையைச் சொன்னாய். 2023 ஜூலையில் டோல்ஸ்டா கரையில் 55 பைலட் திமிங்கலங்கள் ஏறி, ஒன்றே ஒன்று தப்பியது என்றாய். அதிலே ஒரு தாய்க்குப் பிரசவம் சிக்கலாகி, அது கரைப் பக்கம் வர, மற்றவையும் விட்டுப் போகாமல் கூடவே வந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் நினைத்ததாகச் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் அடைத்தது. "தடிமன் அம்மா" என்றாய். நான் இஞ்சி போட்டுக் குடி என்றேன். அது தடிமன் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ராத்திரியில் நித்திரை கொள்கிறாயா என்று மட்டும் எழுது.

கையுறை போடு. அப்பாவின் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதே. வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூலை இரட்டையாய் எடுத்துத் தைத்திருக்கிறேன், பிடிக்கும். வலப்பக்கக் கண்ணாடியில் இருக்கிற கீறலைப் பார்த்துவிட்டுத் திமிங்கலம் என்று கூவிவிடாதே என்று அப்பா சொல்லச் சொன்னார். லைஃப் ஜாக்கெட்டை மேற்சட்டைக்கு மேலே போடு, உள்ளே போடாதே.

தெற்கே தேவேந்திரமுனைக்கு அருகே நீலத்திமிங்கலங்கள் மேய்கிற இடத்தின் வழியாகத்தானே பெரிய கப்பல்கள் போகின்றன. மோதிச் சாகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனை வருடமாய்ச் சொல்லி வந்தார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. கப்பல் கம்பனி தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது என்று அப்பா எனக்கு வரைபடம் கீறிக் காட்டினார். எங்கே நிற்கின்றன, எத்தனை நிற்கின்றன என்று யாரோ பொறுமையாய் எழுதி வைத்ததால்தானே அது நடந்தது? கற்பிட்டியில் டொல்பின் இருக்கு, திருகோணமலையில் நீலத்திமிங்கலம் இருக்கு. ஸ்கொட்லாந்தில் படிக்கிறதை நன்றாய்ப் படி. இங்கேயும் அந்த வேலைக்கு ஆள் வேண்டும். உடனே வா என்று சொல்லவில்லை. உன் அறை அப்படியே இருக்கு, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிய சாமான்கள் என் அலுமாரியில் இருக்கின்றன. மாமி பிரித்துப் பார்க்கக் கேட்டா, கொடுக்கவில்லை. வைக்கிறதா, கொடுக்கிறதா என்பதை நீ சொல்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். அதற்காக ஒருவருக்கும் நீ காரணம் சொல்ல வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

கைச்செலவுக்குப் பணம் போதாவிட்டால் சித்தியிடம் வாங்கு, அப்பா திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறார், அனுப்பிவிடுவார். படகில் இருந்து இறங்கியதும் முதலில் அப்பாவுக்குக் கோல் எடு, எனக்குப் பிறகு எடுத்தால் போதும்.

அன்புடன்,
அம்மா