கயலின் படிப்பு பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். செமஸ்டர் நெருங்குவதால் கல்லூரியில் எனக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்.

கயல் முதல் இன்டர்னலில் இரண்டு பாடங்களில் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். ராத்திரி ஒரு மணிவரை கண்விழித்துப் படிக்கிற பிள்ளையின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. படிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரே நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், பாடமே வந்துவிட்டதாக மனசு நம்பிவிடும். தேர்வு ஹாலில் நோட்ஸ் எதிரே இருக்காதே!

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஒரு பாடப்பகுதியைச் சிலர் நான்கு தவணை வாசித்தார்கள். வேறு சிலர் ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று தவணை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61.

அதனால் அன்றன்று சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு, வகுப்பில் நடந்ததை வெள்ளைத்தாளில் எழுதச் சொல். பிறகு நோட்டைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். இரண்டு நாள் விட்டு ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அதையே செய்யட்டும். கணக்கென்றால் தீர்வை மறைத்துக்கொண்டு தானே போட வேண்டும். பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளை, அதனால் முதலில் தமிழிலேயே தனக்குத்தானே விளக்கிப் பார்க்கட்டும். விஷயம் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம். புரியாத ஆங்கில வரிகளை அப்படியே உருப்போடுவது பிள்ளைகளை எவ்வளவு வாட்டுகிறது என்று தினமும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் நீ கவனி. ஆரம்பத்தில் பாதிகூட நினைவுக்கு வராது, அவள் பயந்துவிடுவாள். பழையபடி வாசித்தாலே நல்லது என்று தோன்றும். அந்த நேரத்தில் போனில் மார்க்கைப் பற்றிக் கேட்காதே. யோசித்து யோசித்து எடுக்கிற அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது என்று சொல். அப்புறம், பதினோரு மணிக்கெல்லாம் தூங்கட்டும்.

பொங்கல் லீவில் அவளை இங்கே அனுப்பு. பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைக்கிறேன், இருவருமாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறோம்.

அன்புடன்,
சேகர்